நின்றுபோன கேசட் வாக்மேனை மறுபடி ஓட வைத்த அனுபவம்

பல வருடம் பீரோவில் கிடந்த வாக்மேன் புது பேட்டரி போட்டும் அசையவில்லை என்றால், "போர்டு போச்சு" என்று பலரும் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். கடைசியாகச் சந்தேகப்பட வேண்டியதுதான் போர்டு, அதாவது உள்ளே இருக்கும் சர்க்யூட் அட்டை. கரண்ட் வருகிறதா, மோட்டார் சுற்றுகிறதா, டேப் நகர்கிறதா, வேகம் சரியா, சத்தம் சரியா என்ற வரிசையில் பார்க்க வேண்டும். 1990களில் வந்த, இரண்டு ஏஏ பேட்டரியில் ஓடும் சாதாரண செட் ஒன்றை இந்த வரிசையில்தான் சரிசெய்தேன்.

பேட்டரி ஸ்பிரிங்கில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. ஆல்கலைன் பேட்டரியின் கசிவு காரம் என்பதால், பட்ஸில் வினிகர் தொட்டுத் துடைத்தால் கரைந்துவிடும். பழைய சாதாரண பேட்டரியின் கசிவு அமிலத்தன்மை கொண்டது. அதற்கு சமையல் சோடா கரைத்த தண்ணீர். எதுவானாலும் கடைசியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ஒருமுறை துடைத்துக் காயவிட வேண்டும். பிறகு மல்டிமீட்டரில் போர்டுக்கு 3 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். அடாப்டர் செருகுவதானால், செட்டில் அதைச் செருகும் துளையின் பக்கத்தில் இருக்கும் பிளஸ்-மைனஸ் படத்தைப் பார்க்காமல் செருகாதீர்கள். நடுமுள் மைனஸாக உள்ள செட்டுகள் ஏராளம். மாற்றிக் கொடுத்தால் அப்போதுதான் போர்டு உண்மையிலேயே போகும்.

3 வோல்ட் வந்தும் மோட்டார் வாய் திறக்கவில்லை. பிளே பட்டனை அழுத்தும்போது இரண்டு மெல்லிய தகடுகள் ஒன்றையொன்று தொட்டு மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும். அந்த இடம் கறுத்துப் போயிருந்தது. காகிதத் துண்டை ஆல்கஹாலில் நனைத்துத் தகடுகளுக்கு நடுவில் வைத்து இழுத்தாலே போதும். உப்புத்தாள் வேண்டாம், மேல்பூச்சு போய்விடும்.

இப்போது மோட்டார் சத்தம் கேட்டது, ரீல் சுற்றவில்லை. அப்படியானால் கோளாறு பெல்ட்டில்தான், அதாவது மோட்டாரின் சுழற்சியை மற்ற சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் ரப்பர் வளையத்தில். பின்மூடியைத் திறக்கும்போது ஸ்க்ரூக்களின் நீளம் இடத்துக்கு இடம் மாறும். எது எங்கிருந்து வந்தது என்று காகிதத்தில் படம் வரைந்து அதன்மேல் டேப்பால் ஒட்டி வையுங்கள். நீள ஸ்க்ரூவைத் தவறான துளையில் முடுக்கினால் உள்ளே எதையாவது குத்தும்.

பழைய பெல்ட் சில செட்டில் தொய்ந்திருக்கும், சிலவற்றில் தார்போல உருகி ஒட்டியிருக்கும். உருகியதைப் புல்லியின் (பெல்ட் மாட்டும் சக்கரம்) பள்ளத்திலிருந்து துளி மிச்சமில்லாமல் எடுக்க வேண்டும். அங்கே மிச்சமிருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் பாட்டு அலையும். கையில் பட்டால் லேசில் போகாது, கையுறை போடுங்கள்.

புது பெல்ட்டின் அளவுக்கு, பெல்ட் போகும் வழியிலேயே ஒரு நூலைச் சுற்றி நீளம் எடுங்கள். அதில் 5 முதல் 7 சதவீதம் குறைத்து 3.14ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும். நூல் 210 மி.மீ. என்றால், 6 சதவீதம் போக 197. விட்டம் ஏறக்குறைய 63 மி.மீ. இறுக்கமான பெல்ட் நல்லது என்று நினைக்க வேண்டாம். மோட்டார் திணறும், பேட்டரி சீக்கிரம் தீரும். கழற்றும் முன் பெல்ட் போகும் பாதையை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டோ ரிவர்ஸ் செட்டில் (கேசட்டைத் திருப்பிப் போடாமலே மறுபக்கம் ஓடும் வகை) இரண்டு ஃபிளைவீலும், அதாவது கனமான சுழல் சக்கரங்களும், எதிரெதிராகச் சுற்ற வேண்டும், தப்பாக மாட்டினால் டேப் சிக்கும்.

ஓட ஆரம்பித்ததும் ஆசைக் கேசட்டைப் போட்டுவிடாதீர்கள். போனாலும் பரவாயில்லை என்கிற கேசட்டைப் போடுங்கள். கேப்ஸ்டன் என்ற மெல்லிய உலோகத் தண்டும் அதோடு டேப்பை அழுத்தும் பின்ச் ரோலர் என்ற ரப்பர் உருளையும் டேப்பைத் தள்ளிக்கொண்டே இருக்க, சுற்றிக்கொள்ள வேண்டிய ரீல் நின்றுவிட்டால் டேப் ரோலரில் போய்ச் சுற்றிக்கொள்ளும். கேசட்டைத் தின்னும் செட்டுகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான். ரீலைச் சுற்றவைக்கும் சின்ன ரப்பர் சக்கரத்தையும் பின்ச் ரோலரையும் சோப்புத் தண்ணீர் தொட்டு, பளபளப்பு போகும்வரை துடைக்க வேண்டும். டேப்பிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டுக்கும் கேப்ஸ்டனுக்கும் ஆல்கஹால்.

கேசட் நொடிக்கு 4.76 செ.மீ. ஓட வேண்டும். 3000 ஹெர்ட்ஸ் ஒலி பதிந்த டெஸ்ட் கேசட்டைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, போனில் அலைவெண் காட்டும் செயலியால் பாருங்கள். 3090 காட்டினால் 3 சதவீதம் வேகம், அதாவது சுருதி ஏறக்குறைய கால் ஸ்வரம் ஏறியிருக்கிறது. மோட்டாரின் பின்துளையிலோ போர்டிலோ உள்ள வேகத் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். அதே பாட்டை யூடியூபில் போட்டு ஒப்பிடுவதை நான் நம்புவதில்லை. அங்கே ஏற்றியவரின் டேப்பே வேகமாக ஓடியிருக்கலாம்.

ஹெட்டைத் துடைத்த பிறகும் சத்தம் மந்தமாக இருந்தால், ஹெட்டின் ஸ்பிரிங் உள்ள பக்கத்துத் திருகை எட்டில் ஒரு பங்கு திருப்பிக் கேளுங்கள். தாளத்தின் 'ச்ச்' ஒலி கூர்மையாகும் இடத்தில் நிறுத்தி, ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்துவிட்டால் திருகு நகராது. காந்தமேறிய ஸ்க்ரூடிரைவர் ஹெட்டின் பக்கமே போகக் கூடாது.

இத்தனைக்குப் பிறகும் ஒரு காதில் சத்தம் தேய்ந்து ஒலித்தால்தான் சால்டரிங் அயர்னை எடுப்பேன். 1980களின் கடைசியிலிருந்து வந்த பல செட்டுகளில் போர்டில் ஒட்டிய, மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் சின்ன கபாசிட்டர்கள் கசியும். சூடு வைத்தால் மீன் வாடை அடிக்கும். அதே மைக்ரோஃபாரட் (கபாசிட்டரின் அளவு), பழையதைவிடக் குறையாத வோல்ட் பார்த்து மாற்ற வேண்டும். கசிவு போர்டின் செம்புத் தடத்தை அரித்திருந்தால் மெல்லிய கம்பியால் அதை இணைத்துவிட்டுத்தான் புதியதை வைக்க வேண்டும்.