நண்பகல் நிழலை அளந்த இரு வகுப்பறைகள்

வெவ்வேறு நாடுகளின் வகுப்பறைகளை இணையவழியில் சேர்க்கும் பணியில் பல ஆண்டுகளாக ஈடுபட்டுவரும் அறிவியல் ஆசிரியர் என்ற முறையில், இரு வகுப்புகளும் சேர்ந்து செய்து முடிக்க வேண்டிய ஒரு வேலை இருந்தால்தான் அந்த உறவு நிலைக்கும் என்று உறுதியாகச் சொல்வேன். காணொளி அழைப்பில் முகம் பார்த்துக் கையசைக்கும் மகிழ்ச்சி பெரிது என்றாலும், பேசுவதற்குப் பொதுவான பொருள் இல்லாவிட்டால் அடுத்த சந்திப்பிலேயே பிள்ளைகள் கேள்வியின்றி அமர்ந்துவிடுகிறார்கள்.

பிரான்சில் செலஸ்தேன் ஃப்ரெனே என்ற ஆசிரியர், 1920களிலேயே தம் மாணவர்கள் அச்சுக்கோத்து அச்சிட்ட பக்கங்களைத் தொலைவிலுள்ள பள்ளிக்கு அஞ்சலில் அனுப்பச் செய்தார். 1988இல் நியூயார்க் மாநிலப் பள்ளிகளையும் மாஸ்கோ பள்ளிகளையும் கணினிவழி இணைத்த முயற்சியிலிருந்து, பல நாட்டுப் பள்ளிகளைக் கூட்டுப் பணிகளில் சேர்க்கும் ஐஎர்ன் (iEARN) அமைப்பு வளர்ந்தது. பள்ளிகளை இணையவழி இணைக்கும் ஐரோப்பிய ஆணையத்தின் இட்வின்னிங் (eTwinning) திட்டம் 2005இல் வந்தது. பல வகுப்பறைகள் நம்பியிருந்த ஸ்கைப் என்ற காணொளி அழைப்புச் செயலி, 2025 மே மாதத்தில் நிறுத்தப்பட்டது. ஆகவே எந்தச் செயலியைப் பயன்படுத்தினாலும், மாணவர்களின் அளவீடுகளை எங்கும் திறக்கக்கூடிய எளிய அட்டவணைக் கோப்பாகவும் சேமித்துவைக்கிறேன்.

நான் மிகவும் விரும்பிச் செய்யும் வேலை, பண்டைய கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸின் முறையில், இரு ஊர்களின் நண்பகல் நிழல்களைக் கொண்டு பூமியின் சுற்றளவைக் கணக்கிடுவது. மார்ச் மாதத்தில் பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாக இருக்கும் நாளையொட்டி, இரு பள்ளிகளிலும் ஒரு மீட்டர் குச்சியைத் தூக்குக்குண்டு பிடித்துச் செங்குத்தாக நட்டு, நிழல் மிகக் குறுகும் நேரம்வரை சில நிமிடங்களுக்கு ஒருமுறை அதன் நுனியைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டே வருவார்கள். கடிகாரம் பன்னிரண்டைக் காட்டும்போது நிழல் மிகக் குறுகியதாக இருக்க வேண்டியதில்லை என்பதை, எந்தப் பாடநூலையும்விட அந்தக் குறிகளின் வரிசை நன்றாக விளக்கிவிடுகிறது.

ஒருமுறை எங்கள் கூட்டுப் பள்ளி நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருந்தது. மாணவர்கள் குச்சியின் உயரத்தையும் நிழலின் நீளத்தையும் கொண்டு, சூரியக் கதிர் குச்சியோடு அமைக்கும் கோணத்தை இரு ஊர்களுக்கும் கண்டு, வழக்கம்போல் பெரிய கோணத்திலிருந்து சிறியதைக் கழித்து, அது முழு வட்டத்தின் 360 பாகையில் எத்தனையில் ஒரு பங்கு என்று பார்த்து, இரு அட்சரேகைகளுக்கு இடைப்பட்ட வடக்கு-தெற்குத் தொலைவைக் கொண்டு கணக்கிட்டபோது, சுமார் 40,000 கிலோமீட்டர் வர வேண்டிய சுற்றளவு அதைப்போல் இரு மடங்குக்கும் மேலாக வந்தது. இரு வகுப்புகளும் எழுதும் இணையப் பதிவுப் பலகையில் அந்தப் பள்ளி மாணவி ஒருத்தி ஏற்றியிருந்த புகைப்படத்தில், திசைகாட்டியின் அருகே நிழல் தெற்கு நோக்கி விழுந்திருந்ததை எங்கள் வகுப்புப் பையன் ஒருவன் கண்டுபிடித்தான். நிழல்கள் எதிரெதிர்த் திசையில் விழுந்தால் கோணங்களைக் கூட்ட வேண்டும் என்று இரு வகுப்புகளும் எழுத்திலேயே விவாதித்து முடிவுக்கு வந்தன. நேரலையாக இருந்திருந்தால் ஆசிரியர்களில் ஒருவர் முந்திக்கொண்டு விடையைச் சொல்லியிருப்போம். ஆங்கிலத்தில் தயங்கிப் பேசும் பிள்ளைகளும் நிதானமாக எழுதிப் பங்கேற்றது எனக்குப் பெருமகிழ்ச்சி.

இதற்கெல்லாம் முன்பாக ஆசிரியர்கள் இருவரும் தனியே பேசியாக வேண்டும். தெற்கில் கல்வியாண்டு தொடங்கியிருக்கும் மார்ச் மாதம், வடக்கில் பல பள்ளிகளுக்குத் தேர்வை நெருங்கும் காலம். சில நாடுகள் கோடையை ஒட்டிக் கடிகாரத்தை ஒரு மணிநேரம் முன்னகர்த்துவதால், எல்லாச் சந்திப்புகளையும் உலகப் பொதுநேரத்தில் (UTC) குறிப்பதே பாதுகாப்பானது. பெற்றோரின் ஒப்புதல், பிள்ளைகளின் பெயரையும் முகத்தையும் வெளியிடாமை ஆகியவற்றில், இரு பள்ளிகளின் விதிகளில் எது கடுமையோ அதையே இருவரும் பின்பற்றுகிறோம்.

புதிய கூட்டாளி ஆசிரியரிடம் நான் முதலில் கேட்பது, அவர் எந்தப் பாடத்தை எந்த வாரத்தில் நடத்தப்போகிறார் என்பதைத்தான். அது எங்கள் பாடத்திட்டத்தோடு ஓரிடத்திலாவது ஒத்துப்போனால், அந்த வாரத்துக்கான வேலையை வகுத்துக்கொண்டு, அதன் பிறகே காணொளிச் சந்திப்புக்கு நாள் குறிக்கிறோம்.