வாடி ரம்மில் துருவ நட்சத்திரம்

பினாங்கிலிருந்து வானத்தைப் படமெடுப்பதற்காகப் பாலைவனத்திற்குச் செல்லும் நண்பர்கள் அங்குள்ள இருட்டைப் பற்றியே பேசுகிறார்கள். ஜோர்தானின் வாடி ரம் பாலைவனத்தில் ஜனவரி இரவுகளைக் கழித்துத் திரும்பியிருக்கும் எனக்கோ, அங்கே துருவ நட்சத்திரம் நிற்கும் உயரமே பெரும் பேறாகத் தோன்றுகிறது.

பூமி சுழல்வதால் விண்மீன்கள் மணிக்கு 15 பாகை நகர்வதுபோல் தெரிகின்றன. நீண்ட நேரம் ஒளி வாங்கும் படத்தில் அவை கோடுகளாக இழுபடாமல் புள்ளிகளாகவே பதிய வேண்டுமானால், கேமராவைத் தாங்கி விண்மீன்களின் நகர்வோடு மெல்லச் சுழற்றும் டிராக்கர் என்ற கருவியின் அச்சு வானத்தின் துருவத்தைச் சரியாக நோக்கியிருக்க வேண்டும். அந்தத் துருவத்திற்கு மிக அருகில் நின்று அதைக் காட்டித்தரும் துருவ நட்சத்திரத்தின் உயரமோ நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகையைப் பொறுத்தது. பினாங்கில் அது ஏறக்குறைய 5 பாகைதான். பினாங்குத் தீவின் பாலிக் புலாவில் நான் வழக்கமாகப் படமெடுக்கும் வெளியில் அந்த உயரத்தை மரங்கள் மறைக்கின்றன. மரமில்லாத கடற்கரையிலும் அடிவானத்து ஈரப்புகை அதை விழுங்கிவிடுகிறது. ஆகையால் திசைகாட்டியைக் கொண்டு அச்சைத் தோராயமாக அமைத்து, சோதனைப் படங்களைப் பார்த்துப் பார்த்துத் திருத்துவதிலேயே மேகமற்ற அரிய நேரம் கரைந்துபோகிறது. வாடி ரம்மில் அதே நட்சத்திரம் 29 பாகைக்கு மேல், மணற்பாறைகளுக்கு மேலே தெளிவாக நிற்கிறது. டிராக்கரின் சிறு தொலைநோக்கியில் அதைப் பிடித்து அச்சைப் பொருத்தச் சில நிமிடங்கள் போதும்.

குளிரும் உதவுகிறது. வறண்ட காற்றில் நீராவி குறைவு என்பதால், பகலில் மணல் வாங்கிய வெப்பம் இரவில் விரைவாக வெளியேறிவிடுகிறது. கேமராவின் சென்சாரில் வெப்பத்தால் எழுந்து, படத்தில் புள்ளிக் கறைகளாகப் பதியும் மின்னோட்டம் ஏறத்தாழ 6 டிகிரி செல்சியஸுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். எனவே 25 டிகிரியில் எடுப்பதைவிட 5 டிகிரியில் எடுக்கும்போது அது பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. ஓரியன் நெபுலா என்ற விண்முகிலின் மங்கலான வெளிச்சிறகுகள் அந்தக் கறைகளில் மூழ்காமல் தெரிவதற்கு இருட்டோடு இதுவும் காரணம். அந்தக் குளிர் பேட்டரியின் திறனையும் குறைத்துவிடுவதால், மாற்றுப் பேட்டரிகளைச் சட்டையின் உட்பையில் உடற்சூட்டோடு வைத்திருக்க வேண்டும்.

ஆயினும் தென்வானத்திற்கு நம் ஊரே உகந்தது. அகத்திய நட்சத்திரம் வாடி ரம்மில் 8 பாகையைக்கூட எட்டுவதில்லை. பினாங்கில் 32 பாகை வரை ஏறுகிறது. கரீனா நெபுலா அங்கே அடிவானத்தை உரசிச் செல்ல, இங்கே 25 பாகை உயர்கிறது. அதை மார்ச், ஏப்ரல் மாதங்களில் மேகம் விலகும் இரவுகளில் பாலிக் புலாவிலிருந்தே எடுக்கிறேன்.