பொருத்தனையும் இரண்டு ஆராதனைகளும்

ஆபரேஷன் முடிந்து அப்பா எழுந்து நடந்தால், இங்கிலாந்தில் ஏதாவது ஓர் ஊர்க்கோயிலில் நற்கருணை எடுத்து ஸ்தோத்திர காணிக்கை படைப்போம் என்று அம்மா பொருத்தனை பண்ணியிருந்தார். ஏன் அவ்வளவு தூரம் என்று கேட்காதீர்கள். திருநெல்வேலிப் பக்கம் உபதேசியாராக இருந்த அப்பாவுக்கு ஜெபப் புத்தகம் முழுக்க மனப்பாடம். 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உண்டான பிறகும் எங்கள் சபைகளில் அந்தப் பழைய ஆங்கிலிக்கன் நடை, அதாவது இங்கிலாந்துத் திருச்சபையின் ஆராதனை முறை, போகவில்லை. அது பிறந்த மண்ணில் ஒருமுறை முழங்கால்படியிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. இனி அவரால் பயணப்பட முடியாது. கென்ட் பக்கம் தங்கை இருப்பதால் பொருத்தனை என் கைக்கு வந்தது.

சனிக்கிழமை கேன்டர்பரி. பேராலயத்தில் செல்ஃபி எடுக்கும் கூட்டத்துக்கு நடுவே கண்ணை மூடக்கூட முடியவில்லை. கொஞ்சம் தள்ளி மேட்டில் இருக்கும் புனித மார்ட்டின் ஆலயத்தில்தான் மனசு நின்றது. 597-இல் ரோமிலிருந்து சுவிசேஷம் சொல்ல அகஸ்டின் வருவதற்கு முன்பே கென்ட் ராணி பெர்த்தா ஜெபித்த இடம். சுவரில் ரோமர் காலத்துச் செங்கல் அப்படியே தெரிகிறது.

ஞாயிறு காலை 8 மணி ஆராதனைக்குப் போக பஸ்ஸும் இல்லை, ரயிலும் இல்லை. மழையில் நடந்தே போனோம். சேலை முழங்கால்வரை நனைந்துவிட்டது. தங்கையின் ஊர்ச்சபையில் வந்திருந்தவர்கள் கொஞ்சம் பேர், எல்லாரும் தலை நரைத்தவர்கள். பாட்டு கிடையாது, ஆர்கன் கிடையாது. 1662-ஆம் ஆண்டு ஜெபப் புத்தகத்தின் நற்கருணை ஒழுங்கைக் குருவானவர் நிதானமாக வாசித்தார். காணிக்கைப் பை வந்ததும் அப்பா பெயர் எழுதிய கவரைப் போட்டேன்.

அப்புறம் அந்த ஜெபம். உமது பந்தியின் துணிக்கைகளைப் பொறுக்கவும் நாங்கள் பாத்திரர் அல்ல என்று குருவானவர் முழங்காலில் நின்று சொன்னார். ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும்போது ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி அப்பா முணுமுணுத்தது இதைத்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. பலிபீடத்துக்கு முன்னால் போகும்போது பாதையே தெரியவில்லை. பக்கத்தில் வந்த ஒரு பாட்டி கையைப் பிடித்துக்கொண்டார். கிண்ணம் உதட்டில் பட்டபோது கேட்பதற்கு ஒன்றுமே தோன்றவில்லை. எல்லாம் கொடுத்துவிட்டீரே, ஆண்டவரே.

10.30 ஆராதனைக்கும் இரு என்று தங்கை பிடித்துவைத்தாள். அதே கோயிலா என்று ஆகிவிட்டது. டிரம்ஸ், கிட்டார், ஓடித்திரியும் குழந்தைகள், பாட்டு வரிகளை எப்போதும் ஒரு வரி பிந்தியே காட்டும் திரை. 2000-இல் வந்த காமன் வொர்ஷிப் என்ற, இங்கிலாந்துத் திருச்சபையின் புதிய ஆராதனை ஒழுங்கு. காலையில் நற்கருணைக்குப் பிறகு வந்த 'உன்னதத்திலிருக்கிற தேவனுக்கு மகிமை' இதில் தொடக்கத்திலேயே வந்தது. துணிக்கை ஜெபத்தை அன்று சொல்லவே இல்லை. எனக்கு அது குறைதான். காணிக்கைக்கு வாசலில் கார்டு தட்டும் கருவி! நல்லவேளை, கவரை முதலிலேயே போட்டாயிற்று. ஒரே நாளில் இரண்டு தரம் நற்கருணை எடுப்பதை அப்பா ஒத்துக்கொள்ளமாட்டார் என்பதால் இருக்கையிலேயே இருந்தேன்.

வேண்டுதல் நேரத்தில் ஜெபம் நடத்திய இளம்பெண், நன்றி சொல்ல யாருக்காவது ஏதாவது உண்டா என்று கேட்டாள். தங்கை சட்டென்று எழுந்து அப்பா பெயரைச் சொல்லிவிட்டாள். அந்தப் பெண் அதைத் தப்பும் தவறுமாகத்தான் உச்சரித்தாள். ஆனாலும் முன்பின் தெரியாத அத்தனை பேரும் ஆமென் சொன்னார்கள், குழந்தைகள் உட்பட. இதற்கு நான் என்ன செய்துவிட்டேன்? டாக்டர்களுக்காக, ரத்தம் கொடுத்த பையன்களுக்காக, ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மாவோடு விடியவிடிய ஜெபித்த சபையாருக்காக ஸ்தோத்திரம். அப்பா இப்போது ஞாயிறு ஆராதனைக்கு நடந்தே போகிறார். ஸ்தோத்திரம், கோடி ஸ்தோத்திரம்.