அரை டயாப்டர் எங்கே போனது?

ஆப்டோமெட்ரி மாணவர்களுக்கு ரெட்டினாஸ்கோப் (கண்ணுக்குள் ஒளி பாய்ச்சி, அது திரும்பி வரும் அசைவைக்கொண்டு கண்ணாடிப் பவரைக் கணிக்கும் கருவி) செய்முறைத் தேர்வு நடத்தும்போது, அவர்கள் எழுதித் தரும் பவரைவிட அவர்களுடைய தோள்களைத்தான் நான் அதிகம் கவனிக்கிறேன். கண்பாவையில் அசையும் செந்நிற ஒளிப்பட்டை சற்று மங்கலானதும் தம்மையறியாமல் முன்னால் சாய்ந்துவிடுகிறார்கள். கிடைத்த பவரிலிருந்து, பார்ப்பவர் அமர்ந்திருக்கும் தொலைவுக்கு ஏற்ற அளவைக் கழிக்க வேண்டும். 66 செ.மீ. தொலைவுக்கு உரிய 1.50 டயாப்டரைக் (டயாப்டர் என்பது லென்ஸ் பவரின் அலகு) கழித்துக்கொண்டே 50 செ.மீ. தொலைவில் அமர்ந்திருந்தால், அங்கே கழிக்க வேண்டியது 2.00 என்பதால், விடை அரை டயாப்டர் பிளஸ் பக்கம் நகர்ந்துவிடும்.

சென்ற முறை ஒரு மாணவி முன்னால் சாய்ந்தபடியே பார்த்தாள். பிளஸ் லென்ஸ்களைக் கூட்டிக்கொண்டே போகையில் ஒளிப்பட்டையின் அசைவு நின்றுபோகும் நடுநிலைக்கு அரை டயாப்டர் முன்னதாகவே நிறுத்தியும்விட்டாள். இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுகட்டியதால் விடை மிகச் சரியாக அமைந்தது! விடைத்தாளை மட்டும் திருத்தியிருந்தால் முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன்.

1975இல் ரொனால்ட் ஹார்டன் முன்வைத்த ஓஸ்கி (OSCE) என்னும் செய்முறைத் தேர்வுமுறை, ஒவ்வொரு படிநிலையையும் சரிபார்ப்புப் பட்டியலில் குறிக்கச் சொல்கிறது. அது நியாயமான முறைதான், ஆனால் பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டு, நோயாளியின் முகத்தையே பாராமல் "இது தெளிவா, அது தெளிவா?" என்று ஒப்பிப்பவருக்கும் அது மதிப்பெண் தந்துவிடுகிறது.

இப்போது பயிற்சியின்போது ட்ரயல் ஃபிரேமிலிருந்து (லென்ஸ்களை மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்க்கும் சோதனைக் கண்ணாடிச் சட்டம்) 66 செ.மீ. நூலொன்றைக் கட்டிவைக்கிறேன். தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு அதை அவிழ்த்துவிடுவேன்.