டூல் மாறியும் ஆழம் மாறவில்லை: ஏடிசி ரூட்டரில் ஹோல்டர் செட்டிங்

டூலைத் தானே மாற்றிக்கொள்ளும் (ஏடிசி) என் சிஎன்சி ரூட்டரில், டூல் மாறும் இடத்தில் விழுந்து ரொம்ப நாளாகக் கழுத்தறுத்த அந்த மேடு-பள்ளப் படி ஒழிந்தது. 12 மி.மீ. டூலால் ஒரு பள்ளம், அதை ஒட்டியே அதே ஆழத்தில் 6 மி.மீ. டூலால் இன்னொன்று. இரண்டும் சேரும் கோட்டில் நகத்தை இழுத்தால் இப்போது எதுவும் தட்டவில்லை.

முன்பு 0.07 மி.மீ. அளவுக்குத் தட்டும். டூல் நீளத்தை அளக்கும் டூல் செட்டரில் நீளம் சரியாகத்தான் பதிவாகும், அந்த நீளத்தைக் கணக்கில் சேர்க்கும் ஜி43 கட்டளையும் சரியாகத்தான் எடுக்கும். ஆனால் டூல்கள் காத்திருக்கும் ரேக்குக்குப் போய்த் திரும்பி வந்த ஹோல்டர் (டூலைப் பிடித்திருக்கும் பாகம்), சுழலும் ஸ்பிண்டிலுக்குள் அதே இடத்தில் உட்காராது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் நீளம் அளந்துகொள் என்றார்கள். அது நோயை மூடி மறைக்கும் வேலை. ஆழம் சரியாகும், ரன் அவுட் (சுழலும்போது டூல் மையம் விலகி ஆடுவது) அப்படியே இருக்கும்.

விஷயம் டேப்பரில், அதாவது ஸ்பிண்டிலுக்குள் உட்காரும் ஹோல்டரின் கூம்பில் இருக்கிறது. என் ஹோல்டரின் ஐஎஸ்ஓ30 அளவு டேப்பர் 7/24 சரிவு: 24 மி.மீ. நீளத்துக்கு விட்டம் 7 மி.மீ. மாறும். கணக்குப் போட்டால், டேப்பரைச் சுற்றி 0.01 மி.மீ. படலம் படிந்தாலே ஹோல்டர் அதைப்போல ஏறக்குறைய ஏழு மடங்கு கீழே நின்றுவிடும். ரேக்கில் ஹோல்டர்கள் டேப்பர் மேலே தெரியத்தான் நிற்கின்றன. எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த பலகை) வெட்டும்போது பறக்கிற மாவு எல்லாம் அதன் தலையில்தான் இறங்குகிறது. ஸ்பிண்டிலுக்குள் ஊதுகிற காற்று அதை அடித்துவிடும் என்றால், அந்தக் காற்றிலேயே ஈரம். மழை நாளில் மாவும் ஈரமும் சேர்ந்து பசை மாதிரி ஒட்டிக்கொள்கிறது. ஊதினால் போகாது, துடைத்தால்தான் போகும்.

ஆக, கம்ப்ரசர் டேங்கில் தினமும் தண்ணீர் வடிப்பது, மெஷினுக்கு முன்னால் தனியாக ஒரு ஃபில்டர், வேலை தொடங்குமுன் பஞ்சு உதிராத துணியால் ஹோல்டர் டேப்பரையும் ஸ்பிண்டில் வாயையும் துடைப்பது. இவ்வளவுதான். டயல் கேஜ் வைத்துப் பார்த்தால் ஷாங்கில் (டூலின் தண்டில்) முள் 0.02 மி.மீ.-ஐத் தாண்டவில்லை. பழைய ஹோல்டரில் இது பெரிய விஷயம்!

ஹோல்டருக்குள் டூலின் ஷாங்கை இறுக்கிப் பிடிக்கும் காலெட் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஈஆர்32 காலெட்டை முதலில் நட்டுக்குள் சாய்த்துக் 'க்ளிக்' என்று மாட்டிவிட்டுத்தான் ஹோல்டரில் ஏற்ற வேண்டும். அப்புறம் 12.7 மி.மீ. ஷாங்குக்கு 13-12 காலெட் (13 முதல் 12 மி.மீ. வரை பிடிப்பது). 12 மி.மீ. காலெட்டில் திணிக்கிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. நட்டை முறுக்குவதற்கு, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வாங்கிவிடுங்கள். ஸ்பிண்டிலில் வைத்து முறுக்கவே கூடாது, பேரிங் போய்விடும். மேசையில் போல்ட் அடித்த ஸ்டாண்டில்தான். புல் ஸ்டட் (ஹோல்டரின் தலையில் மாட்டுவது, அதைப் பிடித்துத்தான் ஸ்பிண்டில் ஹோல்டரை உள்ளே இழுக்கும்) வாங்கும்போது பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். ஐஎஸ்ஓ30 என்று பெயர் ஒன்றுதான், புல் ஸ்டட் தலையின் அளவும் கோணமும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. கோவையில் ஒரு கடைக்காரர் 'எல்லாம் ஒண்ணுதான் சார்' என்று நீட்டியதை மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அடுத்து 18 மி.மீ. பிளைவுட்டுக்குக் கம்ப்ரஷன் பிட்: நுனி கீழிருந்து மேலேயும், மேல் பகுதி மேலிருந்து கீழேயும் வெட்டுகிற டூல். முதல் பாஸிலேயே, கீழிருந்து மேலே வெட்டுகிற நுனிப் பகுதி முழுசும் பலகைக்குள் போய்விட வேண்டும், இல்லாவிட்டால் மேல் வெனீர் பிய்ந்துவிடும். ஆழம் நம்பகமாக இல்லாமல் அதைத் தொட மனசில்லை, இப்போது தொடலாம். ஆனால் அதற்கு முன்னால் ரேக்குக்கு ஒரு மூடி. நியூமேட்டிக் சிலிண்டர் வாங்கி வைத்தாயிற்று. டூல் மாற்றச் சொல்லும் எம்6 கட்டளை வரும்போது திறந்து, முடிந்ததும் மூடுகிற மாதிரி மேக்ரோ (மெஷினுக்கான சிறு நிரல்) பாதி எழுதியிருக்கிறேன். மூடி முழுசாகத் திறந்ததை உறுதிசெய்ய ஒரு சென்சார் பாக்கி. அது இல்லாமல் ஸ்பிண்டிலை ரேக் பக்கம் அனுப்பப் போவதில்லை.