தொடாத, பக்கத்துல நில்லு

அண்ணனுக்குக் கால் போன முதல் இரண்டு வாரத்தில் நாங்கள் செய்த உதவியில் பாதி உபத்திரவம். அப்போது அது தெரியவில்லை. காலை உயர்த்தி வைத்தால் வலிக்காது என்று அம்மா இடது முட்டிக்கு அடியில் ஒரு தலையணையை வைத்திருந்தார். பிசியோதெரபிஸ்ட் உள்ளே வந்ததும் வணக்கம்கூடச் சொல்லாமல் அதைத்தான் முதலில் உருவி எடுத்தார். அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது.

"முட்டி மடங்கியே இருந்தா, மடங்கினபடியே இறுகிடும்மா. அப்புறம் எவ்வளவு நல்ல கால் மாட்டினாலும் நேரா நிக்க முடியாது" என்றார். தலையணைக்குப் பதிலாக, தினம் இரண்டு மூன்று முறை அண்ணனைக் குப்புறப் படுக்க வைக்கச் சொன்னார். வலித்தது. அம்மா வெளியே போய் நின்றுகொண்டார்.

அண்ணன் ராணுவத்தில் இருந்தார். கண்ணிவெடி. முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் மிச்சம் இருந்தது. ஒரே அறுவை சிகிச்சையில் முடிந்துவிடும் என்று நினைத்தோம். திரும்பத் திரும்ப உள்ளே கொண்டுபோனார்கள். வெடி காலை மட்டும் எடுத்துக்கொண்டு போவதில்லையாம். மண், கல், பூட்ஸ் தோல், துணி எல்லாவற்றையும் சதைக்குள் மேல்நோக்கி அடித்து ஏற்றிவிடும். அதனால் காயத்தை உடனே தைக்காமல் திறந்தே வைத்து, மறுபடி மறுபடி சுத்தம் செய்து, செத்த சதை எதுவும் மிச்சமில்லை என்று உறுதியான பிறகுதான் மூடுவார்கள். இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால், ஒவ்வொரு முறையும் ஏதோ தப்பாகிவிட்டது என்று அண்ணி பயந்திருக்க மாட்டார்.

முட்டி தப்பியது பெரிய விஷயம் என்றார் டாக்டர். முழங்காலுக்குக் கீழே போயிருந்தால் நடப்பதற்குக் கால்வாசி சக்தி கூடுதலாகத் தேவைப்படும், மேலே போயிருந்தால் பாதிக்கும் மேல் என்று ஒரு கணக்கும் சொன்னார். அண்ணன் படுத்தபடியே, "கால் போனதுக்குக் கால்வாசி. கணக்கு சரியாத்தான் இருக்கு" என்றார். வெடித்த நாளுக்குப் பிறகு அவர் சொன்ன முதல் ஜோக். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. அதுவும் ஒரு தப்பு.

கட்டு போடுவது என் வேலை ஆனது. மிச்சமிருக்கும் காலை ஸ்டம்ப் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள், நாங்களும் அப்படியே பழகிவிட்டோம். அதில் துணியை வட்டமாகச் சுற்றக்கூடாது, எட்டு போட்டுச் சுற்ற வேண்டும். நுனியில் இறுக்கம், மேலே வரவரத் தளர்வு. நான் முதல் தடவை மேலே இறுக்கிவிட்டேன். ரத்தம் திரும்ப வழியில்லாமல் நுனி வெங்காயம் மாதிரி உப்பிவிட்டது. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அன்று ராத்திரி சுருட்டிய துண்டு ஒன்றின் மேல் இருபது தடவை கட்டிப் பழகினேன்.

அவர் சொல்லாமல் வைத்திருந்தது இன்னொன்றும் உண்டு. இல்லாத காலில் விரல்கள் மடங்கி, நகம் உள்ளங்காலில் குத்துவது போன்ற வலி. பைத்தியம் பிடிக்கிறதோ என்று பயந்து யாரிடமும் பேசவில்லை. அதை வெளியே கொண்டுவந்தது டாக்டரோ நாங்களோ இல்லை. பல வருடங்களுக்கு முன் காலை இழந்த பழைய ராணுவக்காரர் ஒருவர் வார்டுக்கு வந்தார். அரைக்கால் சட்டையும் உலோகக் காலுமாக வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆறுதல் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் ரெஜிமென்ட் கதை பேசிவிட்டு, போகிற போக்கில் கேட்டார்: "ராத்திரி விரல் மடங்குதா?"

அண்ணன் அவரையே பார்த்தார். அப்புறம் அழுதார். நான் அவர் அழுது பார்த்தது அதுதான் முதல் தடவை.

இந்த வலிக்கு ஒரு பெயர் இருப்பதே பாதி மருந்து. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் இழந்தவர்களுக்கு வைத்தியம் பார்த்த வெயர் மிட்செல் என்ற டாக்டர், 1871-லேயே இதற்கு மாய உறுப்பு என்ற அர்த்தத்தில் பெயர் வைத்திருக்கிறார். காலைத்தான் வெட்டினார்களே தவிர, மூளையில் அந்தக் காலுக்கு உண்டான இடம் அப்படியே இருக்கிறது. சாதாரண வலி மாத்திரை இதற்குப் பெரிதாகக் கேட்காது. நரம்பு வலிக்கான மாத்திரை தனி. அத்துடன் கண்ணாடிப் பயிற்சியும் தொடங்கினார்கள். 1990-களில் இதை முன்வைத்தவர் தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியலாளர் வி.எஸ். ராமச்சந்திரன். கால் இழந்த அமெரிக்கப் படைவீரர்களிடம் தினம் 15 நிமிடம், நான்கு வாரம் செய்து பார்த்த சிறு ஆய்வு 2007-ல் வெளியாகியிருக்கிறது.

இரண்டு காலுக்கும் நடுவில் நீளமான கண்ணாடியை நிறுத்திப் பிடிப்பது என் வேலை. வலது காலின் பிம்பம், இடது கால் இருக்க வேண்டிய இடத்தில் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே வலது கால் விரல்களை மெல்ல விரிக்க வேண்டும். முதல் மூன்று நாள் ஒன்றும் இல்லை. எனக்குக் கைதான் மரத்துப்போனது. ஐந்தாம் நாள், "டேய், பிரிஞ்சிடுச்சுடா" என்றார். எல்லோருக்கும் இது வேலை செய்வதில்லை. அண்ணனுக்கும் வலி முழுதாகப் போகவில்லை. ஆனால் இரண்டு மணி நேரம் நீடித்தது பத்து நிமிடமாகக் குறைந்தது.

செயற்கைக்கால் என்றதும் நாங்கள் போனில் பார்த்ததெல்லாம் பாதங்கள். கார்பன் ஃபைபர், ஓட்டப்பந்தயக்காரர்கள் மாட்டும் வளைவு. கால் செய்பவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாதத்தை அப்புறம் பாக்கலாம். சாக்கெட் சரியில்லன்னா, எந்தப் பாதமும் மூலைலதான் கிடக்கும்" என்றார். சாக்கெட் என்பது ஸ்டம்ப் உட்காரும் கிண்ணம். உடம்பின் பாரம் முழுக்க அதில்தான். அச்சு எடுத்து, முதலில் கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக்கில் ஒன்று செய்து மாட்டிப் பார்ப்பார்கள். எங்கே தோல் வெளுக்கிறதோ அங்கே அழுத்தம் அதிகம் என்று வெளியிலிருந்தே தெரிந்துவிடும்.

மாட்டுவதே ஒரு சடங்கு. ஸ்டம்ப் மேல் போடும் சிலிகோன் உறைக்கு லைனர் என்று பெயர். அதை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, நுனியில் காற்று நிற்காமல் வைத்து உருட்டி ஏற்ற வேண்டும். அதன் அடியில் ஒரு ஆணி இருக்கும். சாக்கெட்டுக்குள் காலை வைத்து எழுந்து நின்றால் அந்த ஆணி பல் பல்லாக இறங்கும்: டக், டக், டக். அண்ணனுக்கு ஐந்து டக் என்றால் சரியான அளவு. ஏழு கேட்டால் ஸ்டம்ப் சுருங்கிவிட்டது, லைனருக்கு மேல் சாக்ஸ் ஒன்று சேர்க்க வேண்டும். மூன்றோடு நின்றால் வீக்கம். காலையில் ஒன்று மாட்டினால் சாயங்காலம் மூன்று தேவைப்படும். அதற்கென்று ஒரு சின்னப் பை. வீட்டுச் சாவியை மறந்தாலும் அதை மறக்கக்கூடாது. இரண்டாவது மாதம் சாக்கெட் லொடலொட என்று ஆடியபோது, தரமில்லாமல் செய்துவிட்டார்கள் என்று நான் போய்ச் சண்டை போட்டேன். தப்பு என் மேல். முதல் வருடம் ஸ்டம்ப் சுருங்கிக்கொண்டேதான் இருக்கும். சாக்கெட்டை மாற்றித்தான் ஆக வேண்டும்.

கழற்றிய பிறகு தோல் சிவந்திருப்பது சகஜம். இருபது நிமிடம் கழித்தும் சிவப்பு போகவில்லை என்றால் மறுபடி மாட்டக்கூடாது. அண்ணனுக்கு இது தெரியும். தெரிந்தும் ஒரு கொப்புளத்தை மறைத்துவிட்டார். நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்கு நடந்து போக வேண்டும் என்று ஆசை. போனார், எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்த மூன்று வாரம் வீல்சேர்தான். கைதட்டியவர்கள் யாரும் அந்த மூன்று வாரத்தில் வரவில்லை என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

அதன் பிறகு ஒரே இடத்தில் ஊசி குத்துவது போல வலி. போன இடத்தில், பழகிவிடும் என்று சொல்லி அனுப்பினார்கள். வேறு இடத்தில் எக்ஸ்ரே எடுத்தபோதுதான் தெரிந்தது, எலும்பு வளரக் கூடாத சதைக்குள் எலும்பு வளர்ந்திருக்கிறது. வெடியில் உறுப்பு இழந்த படைவீரர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் இது காணப்பட்டிருக்கிறது என்றார் அந்த டாக்டர். சிலருக்கு வெட்டி எடுக்க வேண்டி வரும். அண்ணனுக்குச் சாக்கெட்டில் அந்த இடத்தைக் குழித்துக் கொடுத்ததே போதுமாக இருந்தது. வலிக்கிறது என்று அவர் சொன்னால் இப்போதெல்லாம் நான் எதிர்க்கேள்வி கேட்பதில்லை.

காலையே பார்த்துக்கொண்டிருந்ததில் காதை விட்டுவிட்டோம். கூப்பிட்டால் திரும்ப மாட்டார். சாப்பிடும்போது எல்லோரும் பேசினால் எழுந்து போய்விடுவார். கோபம், வெறுப்பு, மனசு உடைந்துவிட்டது என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னோம். அண்ணிதான் ஒருநாள் அவருக்குப் பின்னால் நின்று மெதுவாகப் பெயரைச் சொல்லிப் பார்த்தார். கேட்கவே இல்லை. வெடி காதையும் அடித்திருக்கிறது. காது மெஷின் வந்த பிறகு கோபத்தில் பாதி போய்விட்டது. மீதிப் பாதி நிஜமான கோபம். அதற்கு மனநல ஆலோசகரிடம் போனார். அங்கே என்ன பேசினார் என்று நான் கேட்டதில்லை.

காகித வேலையைப் பற்றி ஒன்றே ஒன்று. ஊனத்தின் அளவை மதிப்பிடப் போகும் இடத்தில் ராணுவக்காரர்களின் பழக்கம் அவர்களுக்கே எதிரி. "எப்படி இருக்கீங்க" என்று கேட்டார் அதிகாரி. அண்ணன் முதுகை நிமிர்த்தி, "நல்லா இருக்கேன் சார்" என்றார். நல்லா இருக்கேன் என்றே எழுதிக்கொண்டார்கள். மேல்முறையீட்டுக்கு அண்ணி ஒரு நோட்டுப் புத்தகம் போட்டார்: எந்தத் தேதியில் எத்தனை மணி நேரம் கால் மாட்ட முடிந்தது, எந்த ராத்திரி தூக்கமில்லை, எப்போது விழுந்தார், எல்லாம் தேதியோடு. இரண்டாம் முறை அந்த நோட்டைத்தான் மேசை மேல் வைத்தார்கள், அண்ணனைப் பேச விடவில்லை.

விழுவதைச் சொன்னேனே. ஒருநாள் விடிகாலை நாலு மணி, தூக்கக் கலக்கத்தில் இரண்டு காலும் இருக்கிற நினைப்பில் கட்டிலிலிருந்து இறங்கிவிட்டார். இது நிறையப் பேருக்கு நடப்பது, விரல் மடங்குதா என்று கேட்டவருக்கும் நடந்திருக்கிறது. சத்தம் கேட்டு ஓடினேன். அக்குளில் கைகொடுத்துத் தூக்கப் போனேன்.

"தொடாத!"

கை நின்றுவிட்டது.

"பக்கத்துல நில்லு. கட்டிலை மட்டும் நகராம பிடிச்சுக்கோ."

முதலில் ஸ்டம்ப் அடிபட்டதா என்று தடவிப் பார்த்தார். புரண்டு நல்ல முட்டியின் மேல் வந்தார். கட்டிலின் விளிம்பில் இரண்டு முழங்கையையும் ஊன்றினார். வழுக்கியது. மறுபடி ஊன்றினார். பிசியோ அறையில் பாய் விரித்து இதை அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தரை வேறு, பாய் வேறு. கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்த என் கை நடுங்கியது. நாலு நிமிடம் இருக்கும். உட்கார்ந்ததும் மூச்சு வாங்க, "நீ இல்லாதப்ப விழுந்தா யாருடா தூக்குவா?" என்றார். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன்.

அந்தப் பழைய ராணுவக்காரர்தான் அவரை நீச்சல் குளத்துக்கு இழுத்துப் போனார். முதுகுத்தண்டு அடிபட்ட படைவீரர்களை டாக்டர் குட்மன் 1948-ல் வில்லும் அம்புமாகப் போட்டிக்கு இறக்கியதுதான் இன்றைய பாராலிம்பிக்ஸின் ஆரம்பம் என்றும், 1965 போரில் குண்டடிபட்ட முரளிகாந்த் பேட்கர் 1972-ல் நீச்சலில் தங்கம் வாங்கியவர் என்றும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். அண்ணனுக்குத் தங்கத்தில் ஆர்வமில்லை. குளத்தின் ஓரத்தில் காலைக் கழற்றி வைக்கும்போது பத்துப் பேர் பார்ப்பார்களே, அதுதான் கவலை. பார்த்தார்கள். ஒரு சின்னப் பையன் கிட்டே வந்து, "இதைத் தொட்டுப் பாக்கலாமா?" என்றான். தொடச் சொன்னார்.

இப்போது அண்ணனும் மாதம் இரண்டு தடவை வார்டுக்குப் போகிறார், புதிதாக வந்திருப்பவர்களைப் பார்க்க. வண்டியை அவரே ஓட்டுவார். நான் பேச்சுத் துணை. போன வாரம் இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன், இரண்டு காலும் இல்லை. கதவுவரை போய்விட்டு அண்ணன் நின்றார். சாக்கெட்டுக்குள் காலை அழுத்திப் பார்த்தார். எனக்கும் கேட்டது, ஒரு டக் கூடுதல்.

"டேய், சாக்ஸ் பையை வண்டியிலேயே வெச்சிட்டேன். ஓடிப்போய் எடுத்துட்டு வா."

ஓடினேன்.