ரவை பிசைந்துவிட்டால் வாசிக்கத்தான் வேண்டும்

தியாகராஜர் ஆராதனை சமயத்தில் திருவையாற்றில் பலருக்கும் மிருதங்க ஆசை வரும். பந்தலைப் பிரிக்கும்போது அதுவும் போய்விடும். எனக்குப் போன வருஷம் வந்தது, இந்த வருஷ ஆராதனை முடிந்தும் போகவில்லை. நாற்பதைத் தாண்டியவன், தஞ்சாவூரில் ஓர் உரக்கடையில் கணக்கு எழுதுபவன், தினமும் வாத்தியத்தின் முன் உட்காருவது எப்படிப் படிந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். வாசிப்பு எப்படி என்று மட்டும் என் வாத்தியாரிடம் விசாரிக்க வேண்டாம்.

முதலில் செய்து பார்த்தது எல்லோரும் சொல்வதைத்தான். நாலு மணிக்கு அலாரம், தினசரிக் காலண்டரில் வாசித்த நாளுக்கெல்லாம் ஒரு டிக். நாலு மணிக்கு எழுந்து மிருதங்கம் தட்டினால் எதிர்வீட்டில் பொதுத்தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிறது, அக்கம்பக்கத்தில் சும்மா விடுவார்களா? டிக் போடுவதில் வேறு தொல்லை. ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போய் ஒரு நாள் விட்டுப்போனால் போதும், இனி எதற்கு என்று மனசு அந்த வாரத்தையே கைகழுவிவிடும்.

பிடித்து உட்கார வைத்தது ரவைதான். மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையில் நடுவே கருப்பு வட்டம் எப்போதும் ஒட்டியே இருக்கும். இடப்பக்கமான தொப்பியில் அப்படி எதுவும் கிடையாது. ஒவ்வொரு முறையும் ரவையைத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து நடுவில் அப்ப வேண்டும், அப்போதுதான் ‘தொம்’ பேசும். முடித்ததும் சுரண்டித் துடைக்க வேண்டும். அப்படியே விட்டால் காய்ந்து தோலைப் பிடித்துக்கொள்ளும். ஆரம்பத்தில் இது பெரிய ரோதனையாகத்தான் இருந்தது.

காலையில் எது தவறினாலும் எனக்குக் காபி தவறாது. அதனால் ஃபில்டரில் வெந்நீர் ஊற்றியதும், டிகாஷன் இறங்குகிற நேரத்தில் ரவையைப் பிசைந்து வைப்பது என்று ஆக்கினேன். நைசான வெள்ளை ரவை, ஒரு பிடிக்கும் குறைவு. தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத்தான் சேர்க்க வேண்டும், மொத்தமாக ஊற்றினால் கூழாகி விரலோடு வந்துவிடும். காபி குடித்து டபராவைக் கழுவி வைப்பதற்குள் ஊறிப் பதமாகியிருக்கும். தொப்பியின் நடுவை ஈரக்கையால் துடைத்து, ரவையை வைத்து வட்டமாகப் பரத்தி ஒரு தட்டு. சுருதி தூக்கலாக இருந்தால் இன்னும் கொஞ்சம் ரவை, ரொம்ப இறங்கிவிட்டால் ஓரத்தில் கிள்ளி எடுப்பது. இப்படி நாலு தடவை தட்டிப் பார்ப்பதற்குள் கை தானாக முதல் பாடமான ‘த தி தொம் நம்’ போட ஆரம்பித்திருக்கும். எந்தப் பழக்கத்துக்கும் தொடக்கத்தைச் சுலபமாக்கு என்கிறார்கள். எனக்கு இந்தச் சின்ன வேலைதான் கட்டிப்போட்டது. பிசைந்த ரவையை வீணாக்கினால் வீட்டில் கேள்வி வரும் என்பதும் ஒரு காரணம்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரை வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2009ல் வெளியானது. தினமும் நடக்கிற ஏதோ ஒன்றை ஒட்டி ஒரு புதுப் பழக்கத்தைச் செய்யச் சொன்னார்கள். அது தானாக வருகிற நிலைக்கு 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகும் என்று கணக்காயிற்று, நடுவாக 66. இருபத்தொரு நாளில் பழக்கம் படிந்துவிடும் என்கிற கதையை நம்பியவர்கள் கவனிக்கவும். இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு இல்லை என்றும் அதில் வந்தது. இதைப் படித்த பிறகு டிக் போடுவதையே நிறுத்திவிட்டேன்.

உண்மையான சோதனை குறுவை நெல் பருவத்தில் வந்தது. வழக்கமாக ஜூன் 12 என்றால் மேட்டூர் திறப்பு. கல்லணையிலும் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால், டிஏபி, யூரியா என்று கடையில் நிற்க இடம் இருக்காது. முதல் பஸ்ஸில் போய்க் கடைசி பஸ்ஸில் திரும்புகிற நாட்கள். அறுவடை முடிந்து வருகிறேன் என்று வாத்தியாரிடம் லீவு கேட்டேன்.

“மூணு காலத்துல த தி தொம் நம் மட்டும் போட்டுட்டுக் கடைக்குப் போங்க தம்பி. அதுல என்ன குறைஞ்சிடும்?” என்றார். காலம் என்றால் இங்கே வேகம்.

அப்படித்தான் குறுவை முழுக்க ஓடியது. பாடம் ஒன்றும் நகரவில்லை, உட்காருவது நின்றுபோகவும் இல்லை.

ஐப்பசி மழையில் வேறு மாதிரி. ஈரத்துக்குத் தோல் தளர்ந்து ‘நம்’ சொத்தென்று விழும். கூழாங்கல்லும் மரக்கட்டையுமாக விளிம்பின் தோல் பின்னலைத் தட்டித் தட்டிச் சுருதி ஏற்றினால், அரை மணியில் திரும்ப இறங்கிவிடும். காது கேட்க மறுக்கிறதை வாசிக்க எதை வைத்து உட்காருவது? அந்த நாட்களில் நாதத்தை விட்டுவிட்டு இடக்கை வலக்கை சமமாக விழுகிறதா என்று மட்டும் பார்த்தேன்.

போன் பற்றி ஒரு வரி. தாளத்துக்கு ஆப் வைத்திருந்தேன், அது நேராக வாட்ஸ்அப்பில்தான் கொண்டுபோய் விட்டது. இப்போது போன் சமையலறையிலேயே இருக்கிறது. நானே வாயால் எட்டு எண்ணிக்கொண்டு வாசிக்கிறேன்.

இன்றைய நிலை: ஆதி தாளத்தில் முதல் இரண்டு காலமும் தடுமாறாமல் போகிறது, மூன்றாம் காலத்தில் மோதிர விரல் இன்னும் பின்தங்குகிறது. சின்னத் தீர்மானங்கள், அதாவது வாசிப்பை முடிக்கிற முத்தாய்ப்புகள், ஆரம்பித்திருக்கிறோம். சித்திரையில் வலந்தலை மாற்றக் கொடுக்க வேண்டும், வந்து சேரும் வரை வாத்தியம் கையில் இருக்காது. அந்த நாட்களில் காபி முடிந்ததும் கையில் தாளம் போட்டுக்கொண்டு பாடங்களைச் சொற்கட்டாகச் சொல்லிப் பார்ப்பதாகத் திட்டம். வாத்தியாரும் சரி என்று சொல்லிவிட்டார்.